நாற்பது வயதில் அரிச்சுவடி

1920 ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியின் பெரிய வரலாற்றாசிரியர்களில் ஒருவரான ஃபிரீட்ரிக் மைனெக்கெ, தன் பழைய மாணவர் ஒருவர் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆவதற்கு வழி செய்து தருகிறார். மாணவருக்கு வயது 33. தத்துவஞானி ஹெகலைப் பற்றி இரண்டு தொகுதிகளில் அவர் எழுதிய ஆய்வு நூல் அந்த வருடம்தான் அச்சாகிறது. அன்றைய ஜெர்மனியில் ஒரு யூதருக்குப் பல்கலைக்கழகக் கதவு இப்படித் திறப்பது அபூர்வம். மாணவர் நீளமாக ஒரு கடிதம் எழுதி, வேண்டாம் என்றுவிட்டார். அறிவு தேடுவதே வாழ்வின் பயன் என்று இனிமேல் தன்னால் நம்ப முடியவில்லை, அறிஞர்கள் கேட்கும் கேள்விகளை விட மனிதர்கள் கேட்கும் கேள்விகளுக்குத்தான் பதில் தேட விரும்புகிறேன் என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

அவர் பெயர் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக். பல்கலைக்கழகப் பதவியை உதறிவிட்டு அவர் எடுத்துக்கொண்ட வேலை, ஃபிராங்க்ஃபர்ட்டில் பெரியவர்களுக்கு ஒரு மாலைப் பள்ளி நடத்துவது. வக்கீல்கள், கடைக்காரர்கள், வங்கி ஊழியர்கள், குடும்பத் தலைவிகள், கல்லூரிப் பையன்கள் என்று வேலை முடிந்து வருகிறவர்களுக்கு யூத மதம், வரலாறு, எபிரேய மொழி. யூத சுதந்திரக் கல்வி இல்லம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஜெர்மனில் சுருக்கமாக லேர்ஹவுஸ்.

வேலை நிமித்தம் நானும் இந்த ஊருக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. என்னுடைய ஜெர்மன் அரிச்சுவடியும் ஒரு மாலை வகுப்பில்தான் நடந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை, எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். என் வரிசையில் சிரியாவிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவர், மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய எரித்ரிய அம்மா ஒருவர், அப்புறம் நான். எங்களை உட்கார வைத்து, வாழைப்பழம் என்ன நிறம் என்று கேட்டார்கள். பல் மருத்துவர் ஒருநாள் கையைத் தூக்கி, தாடை எலும்புக்கு ஜெர்மனில் என்ன சொல்வது என்று கேட்டார். அது இந்த நிலைக்கான பாடத்தில் இல்லை என்று பதில் வந்தது. பாவம், அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான். வாழைப்பழம் மஞ்சள் என்பது அவருக்குத் தெரியும்.

பெரியவர்களுக்குக் கல்வி என்றாலே சின்ன வயதில் விட்டுப்போன பாடத்தைத் தாமதமாக நடத்துவது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். வருகிறவர் ஏற்கெனவே ஒரு முழு வாழ்க்கையைச் சுமந்துகொண்டு வருகிறார் என்பது கணக்கிலேயே சேர்வதில்லை. ரோசன்ஸ்வைக் அந்த வாழ்க்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார். வகுப்பு முடிந்த பிறகும் எனக்கு ஜெர்மன் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்தான் அவருடைய உரைகளை எடுத்துக் கொடுத்தார். வாரத்தில் ஒரு மாலை இருவரும் உட்கார்ந்து படித்தோம். அவருக்குச் சம்பளம் நான் வைக்கும் ரசம். ரோசன்ஸ்வைக்கின் ஜெர்மன் ஜெர்மானியர்களுக்கே கடினம் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு வாக்கியத்தை மூன்றாவது தடவை படித்துவிட்டு, "இந்த ஆள் என்னதான் சொல்ல வருகிறார்?" என்று அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்பார்.

ரோசன்ஸ்வைக் பிறந்தது 1886-இல், காசெல் நகரத்தில். அப்பாவுக்குச் சாயத் தொழில், ஊரில் செல்வாக்கான குடும்பம். யூதக் குடும்பம்தான், ஆனால் பெயருக்கு. நெருங்கிய உறவினர்களிலேயே கிறிஸ்தவர்களாகிவிட்டவர்கள் இருந்தார்கள். 1913 ஜூலையில் லைப்சிக் நகரில் நண்பர் ஒருவருடன் இரவெல்லாம் நடந்த விவாதத்தின் முடிவில் இவரும் ஞானஸ்நானம் பெறுவது என்று தீர்மானித்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டார். முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களைப்போல யூதராகவே உள்ளே நுழைய வேண்டும், எதுவுமில்லாத வெறும் ஆளாக நுழையக் கூடாது. அந்த வருட யோம் கிப்பூர் நோன்பு நாளில் பெர்லினில் ஒரு சிறிய வைதிக ஜெப ஆலயத்துக்குப் போனார், அங்கே எல்லாம் மாறிவிட்டது என்பது பின்னால் அவரை அறிந்தவர்கள் சொன்ன கதை. அவர் அந்த நாளைப் பற்றித் தானாக எதுவும் எழுதவில்லை. எழுதியது அக்டோபர் 31-ஆம் தேதிக் கடிதம் ஒன்றுதான். அதில், ஆகவே யூதனாகவே இருக்கிறேன் என்று உறவினருக்குச் சொல்கிறார்.

சரி, யூதனாக இருப்பது என்று முடிவு செய்தாயிற்று. அதற்கு மேல் என்ன செய்வது? தோரா என்ற வேதத்திலும் தல்முத் என்ற பழைய சட்ட விவாதத் தொகுப்பிலும் ஊறி வளர்ந்த பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் இந்த முனைவர் பட்டக்காரருக்குத் தெரியாது. பெர்லினில் எழுபது வயது கடந்த தத்துவஞானி ஹெர்மன் கோஹனின் வகுப்பில் போய் மாணவராக உட்கார்ந்தார். பிறகு போர் வந்தது. மாசிடோனியப் போர்முனையில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் இருந்துகொண்டு, அஞ்சலட்டைகளிலும் கடிதங்களிலும் தன் முக்கியமான தத்துவ நூலைத் துண்டு துண்டாக எழுதி அம்மாவுக்கு அனுப்பினார். ‘மீட்பின் நட்சத்திரம்’ என்ற அந்த நூல் 1921-இல் வெளிவந்தது. போரின் நடுவிலேயே, 1917-இல், யூதக் கல்வியைச் சீர்திருத்த வேண்டும் என்று கோஹனுக்கு ஒரு திறந்த மடலும் எழுதினார். அதில் அவர் பேசியது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாடத்திட்டத்தையும் ஓர் ஆய்வுக் கழகத்தையும் பற்றி. மூன்று வருடம் கழித்து மனம் மாறிவிட்டது. பிள்ளைகளுக்கு நீங்கள் எதைச் சொல்லிக் கொடுத்தாலும், வீட்டில் அப்பாவும் அம்மாவும் அதைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களாக இருந்தால் அது நிற்காது. முதலில் பெரியவர்கள்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் அப்போது முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான யூதர்கள். பெர்லினுக்கு அடுத்தபடியாகப் பெரிய சமூகங்களில் ஒன்று. கட்டுப்பெட்டியான வைதிகர்களும் இருந்தார்கள், வருடத்துக்கு மூன்று நாள் மட்டும் ஜெப ஆலயத்தை எட்டிப் பார்க்கிறவர்களும் இருந்தார்கள். மக்கள் கல்விக்கென்று ஏற்கெனவே ஒரு சங்கம் அங்கே சொற்பொழிவுகள் நடத்திக்கொண்டிருந்தது. அதை ரோசன்ஸ்வைக் கையில் கொடுத்தார்கள். அவர் பெயரை மாற்றினார், ஆளை மாற்றினார், நோக்கத்தையே மாற்றினார். 1920 அக்டோபர் 17 அன்று தொடக்க உரை.

அந்த உரையின் மையம் எளிமையானது, வாக்கியங்கள்தான் சுற்றி வளைக்கும். பழைய காலத்தில் ஒரு யூதன் தோராவுக்குள் வளர்ந்தான், அங்கிருந்து வாழ்க்கைக்குள் நடந்தான். இன்று நாம் எல்லாரும் வெளியே நிற்கிறோம். நம் சட்டம், மருத்துவம், வியாபாரம், இலக்கியம், அரசியல் எல்லாம் தோராவை அறியாத, அல்லது அறியாததுபோல நடந்துகொள்கிற ஓர் உலகத்தைச் சேர்ந்தவை. ஆகவே இனிப் படிப்பு எதிர்த்திசையில் போக வேண்டும். வாழ்க்கையிலிருந்து தோராவை நோக்கி, விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி. அப்படி வரும்போது எதையும் கைவிட்டுவிட்டு வர வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டே வரலாம். யூத மதத்துக்கு வக்காலத்து வாங்கும் பேச்சும் இங்கே வேண்டாம். இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை, சொல்லிக் கொடுக்க வந்தவருக்கும்கூட.

கடைசியில் சொன்னது வெறும் பணிவுப் பேச்சாக நிற்கவில்லை. யார் பாடம் எடுத்தார்கள் என்று பாருங்கள். எடுவார்ட் ஷ்ட்ராவுஸ் ஒரு வேதியியலாளர், பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர். மாலையில் வேதாகமத்தை வைத்துக்கொண்டு உட்காருவார். ரிச்சார்ட் கோக் மருத்துவர். இவர்கள் யாரும் ரபி என்ற மதகுருப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. இவர்களே நேற்றுத்தான் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்கள், அதனாலேயே வாசலில் நிற்பவருக்கு எங்கே கால் இடறும் என்று அறிந்தவர்கள். ஆண்டுக்கணக்காக நின்று நடந்த வகுப்புகளில் ஷ்ட்ராவுஸின் வேதாகம வகுப்பும் ஒன்று.

பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. தேர்வு கிடையாது, சான்றிதழ் கிடையாது, சேர்வதற்குத் தகுதி எதுவும் கேட்பதில்லை. ஆனால் கட்டணம் உண்டு. இது எனக்குப் பிடித்திருக்கிறது. தருமத்துக்கு நடத்தும் இடத்தில் யாரும் எதையும் கேட்டு வாங்க முடியாது. காசு கொடுத்தவன் கேள்வி கேட்பான்.

கூட்டம் சேர்த்தவர் முதலில் ரபி நோபெல். வைதிக ரபி, அதே சமயம் கோஹனின் மாணவர், ஜெர்மன் கவிஞர் கேத்தேயின் ரசிகர். அவர் பேசினால் அரங்கம் நிறையும். அவரைச் சுற்றி இருந்து, பின்னாளில் சிந்தனையாளர்களாகப் பெயர் பெற்ற இளைஞர்களின் பெயர்களைப் பார்த்தால் இன்றைக்கு மலைப்பாக இருக்கிறது: எரிக் ஃபிரோம், லியோ லோவன்தால், சீக்ஃபிரீட் கிராகாவர், எர்ன்ஸ்ட் சீமோன். 1922 ஜனவரியில், ஐம்பது வயதில், நோபெல் திடீரென்று இறந்துபோனார். அதே குளிர்காலத்தில்தான் தத்துவஞானி மார்ட்டின் பூபர் ஹெப்பன்ஹைமிலிருந்து ரயிலேறி வந்து தொடர் சொற்பொழிவு ஆற்றத் தொடங்கினார். அடுத்த வருடம் வெளிவந்த அவருடைய ‘நான்–நீ’ நூலுக்கு அந்தச் சொற்பொழிவுகள்தான் முன்னோட்டம். பெர்த்தா பாப்பன்ஹைமும் இங்கே பேசியிருக்கிறார். உளப்பகுப்பாய்வின் வரலாற்றில் ‘அன்னா ஓ’ என்ற புனைபெயரில் வரும் நோயாளி இவர்தான். ஆனால் அந்த ஒரு அடையாளத்தோடு அவரை நிறுத்திவிடுவது அநியாயம், 1904-இல் ஜெர்மனியின் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவியவர் அவர்.

உச்சகட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பதிவு செய்திருந்தார்கள். ஆனால் ரோசன்ஸ்வைக் அந்த எண்ணிக்கையில் மயங்கவில்லை. பெரிய அரங்கில் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவன் இன்னொரு நல்ல மாலைப்பொழுதைக் கழித்தான், அவ்வளவுதான் என்பது அவருக்குத் தெரியும். பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மூல நூலின் ஒரு பத்தியோடு மல்லுக்கட்டுவதுதான் அவர் நினைத்த படிப்பு. 1920 முதல் 1926 வரையிலான காலத்தில் சொற்பொழிவுத் தொடர்கள் சுமார் 90, படிப்புக் குழுக்களும் கருத்தரங்குகளும் சுமார் 180. சொற்பொழிவைத் தூண்டிலாக வைத்து, வந்தவர்களைச் சிறிய அறைக்கு நகர்த்துவதுதான் ஏற்பாடு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தனை நுட்பமாகத் திட்டம் போட்டவருக்கு மேடையில் பேச வரவில்லை. ரோசன்ஸ்வைக்கின் சொந்த வகுப்புகளில் கூட்டம் குறைவு. கேட்பவர் எவ்வளவு தாங்குவார் என்பது அவருக்குப் பிடிபடவில்லை, பாதி வழியிலேயே ஆட்கள் தொலைந்துபோனார்கள். என் ஆசிரியை அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த திருப்தியைப் பார்க்க வேண்டுமே.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். 1923-இல் பாலஸ்தீனத்துக்குக் கப்பலேறும் முன் சில மாதங்கள் இங்கே இருந்த, பின்னாளில் யூத மறைஞான ஆய்வில் பெயர் பெற்ற கெர்ஷோம் ஷோலெம், சிறு குழு ஒன்றுடன் எபிரேய, அரமேய மூல நூல்களை மட்டும் படித்தார். ஜெர்மனியில் யூத வாழ்வைப் புதுப்பிக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு வீண் கனவு. அதற்கு முந்தைய வருடம் இதைப் பற்றி ரோசன்ஸ்வைக்கோடு கடுமையாகச் சண்டையே போட்டிருக்கிறார். மூல மொழி தெரியாமல், உணர்ச்சிப் பெருக்கில் யூதராகிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் மீது ஷோலெமுக்கு இருந்த எரிச்சலில் நியாயம் இருக்கிறது. எபிரேயம் படிக்க வந்தவர்கள் சொற்பொழிவுக் கூட்டத்தை விடக் குறைவுதான் என்பதை ரோசன்ஸ்வைக்கும் அறிவார்.

பெரியவர்கள் படிப்பது யூதர்களுக்குப் புதிதில்லை. சொல்லப்போனால், படிப்பு முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள அந்த மரபில் இடமே இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் தன் சட்டத் தொகுப்பில் இதைக் கறாராக எழுதிவைத்தார். ஏழையோ பணக்காரனோ, உடல் நலம் உள்ளவனோ நோயாளியோ, இளைஞனோ தள்ளாத கிழவனோ, சாகும் நாள் வரை படித்தாக வேண்டும். பெரிய ஞானிகளில் விறகு வெட்டிகளும் தண்ணீர் சுமப்பவர்களும் இருந்தார்கள் என்று அதே இடத்தில் நினைவூட்டுகிறார். அப்படிப்பட்டவர்களில் எல்லாருக்கும் தெரிந்த கதை ரபி அகிவாவுடையது. நாற்பது வயது வரை எழுத்தறியாதவர். கிணற்றோரக் கல்லைத் தண்ணீர் குடைந்திருப்பதைப் பார்த்து, என் நெஞ்சு கல்லை விடவா கெட்டி என்று யோசித்தாராம். மகனைக் கூட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைகளின் வாத்தியாரிடம் போனார். பலகையின் ஒரு முனையை அப்பா பிடித்துக்கொள்ள, மறுமுனையை மகன் பிடித்துக்கொள்ள, வாத்தியார் அதில் ஆலெப், பேத் என்று எழுதினார். கதையில் கல்லும் தண்ணீரும்தான் பிரபலம். எனக்கு அந்தப் பலகைதான் முக்கியமாகப் படுகிறது. மகன் முன்னால் அரிச்சுவடி படிக்க ஓர் அப்பாவுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

இன்னொரு கதை எனக்கு இதைவிட நெருக்கமானது. ரபி யோகனானும் ரேஷ் லாகிஷும் படிப்புத் தோழர்கள். ரேஷ் லாகிஷ் ஒரு காலத்தில் கொள்ளைக்காரராக இருந்தவர். யோகனான்தான் அவரைப் படிப்புக்கு இழுத்தார், தன் தங்கையையும் மணம் முடித்துக் கொடுத்தார். ஒருநாள் வாளும் கத்தியும் எந்தக் கட்டத்தில் முழுப் பொருளாகக் கணக்காகும், அதாவது எப்போதிருந்து தீட்டுப்படும் என்று ஒரு சட்ட விவாதம். ரேஷ் லாகிஷ் ஒரு பதில் சொல்ல, யோகனான், "கொள்ளைக்காரனுக்குத்தானே கொள்ளைத் தொழிலின் நெளிவு சுளிவு தெரியும்" என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தை இருவரையும் பிரித்தது. ரேஷ் லாகிஷ் நோயில் விழுந்து இறந்துபோனார். யோகனான் துக்கத்தில் துவண்டு கிடக்க, அவரைத் தேற்றுவதற்காக எலாசார் பென் பெதாத் என்ற கெட்டிக்கார இளைஞரை அனுப்பினார்கள். யோகனான் எதைச் சொன்னாலும் எலாசார், "உங்கள் கருத்துக்கு ஆதரவாக ஒரு மேற்கோள் இருக்கிறது" என்பார். யோகனான் பொறுக்க மாட்டாமல் வெடித்தார். நீயா ரேஷ் லாகிஷுக்கு ஈடு? நான் ஒன்று சொன்னால் அவன் இருபத்து நான்கு ஆட்சேபம் எழுப்புவான், நான் இருபத்து நான்கு பதில் சொல்வேன், விஷயம் விரிந்துகொண்டே போகும். நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியாதா?

இந்தக் கதையில் தோழனை உயிர்ப்போடு வைத்திருந்ததும் அவனுடைய பழைய வாழ்க்கைதான், அவனைப் புண்படுத்தியதும் அதுதான். வாளைப் பற்றிய சட்டத்தில் வாள் பிடித்தவனின் அனுபவம் ஒரு சான்று. அதை விவாதத்தில் ஏற்றுக்கொள்ளலாம், அல்லது குத்திக்காட்டப் பயன்படுத்தலாம். வகுப்பில் உட்கார்ந்திருந்த பல் மருத்துவரை நினைக்காமல் என்னால் இந்தப் பகுதியைப் படிக்க முடிந்ததில்லை.

இப்படி இருவர் இருவராக, சத்தம் போட்டுச் சண்டையிட்டுப் படிப்பதை ஹவ்ரூதா என்கிறார்கள். தல்முத் பக்கத்தின் அமைப்பே அதற்கு வசதியாக இருக்கிறது. நடுவில் மூலம், உட்பக்கத்தில் 11-ஆம் நூற்றாண்டின் ராஷி உரை, வெளிப்பக்கத்தில் ராஷியின் பேரர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் எழுப்பிய மறுப்புகள். தாத்தாவோடு பேரன்கள் ஒரே பக்கத்தில் வாதாடுகிறார்கள். நம் ஊர்ப் பழைய உரைகளில் பரிமேலழகரோடு மல்லுக்கு நிற்பவர்களைப் படித்து ருசி கண்டவர்களுக்கு இந்தப் பக்கம் அந்நியமாக இருக்காது.

லேர்ஹவுஸ் சூடு பிடித்திருந்த அதே 1923-இல், வியன்னாவில் நடந்த வைதிகர்களின் உலக மாநாட்டில் மேயர் ஷபிரோ என்ற போலந்து ரபி எழுந்து ஒரு யோசனை சொன்னார். உலகத்தில் உள்ள யூதர் எல்லாரும் தினம் ஒரே ஏட்டைப் படித்தால் என்ன? கப்பலில் பல நாள் பயணம் செய்து நியூயார்க்கில் இறங்குகிற ஒருவர், எந்தப் படிப்பு மண்டபத்துக்குள் நுழைந்தாலும் அன்று காலை தான் படித்த அதே இடத்தை அங்கேயும் படித்துக்கொண்டிருப்பார்கள். அந்த செப்டம்பரில், யூதப் புத்தாண்டு நாளில், முதல் சுற்று தொடங்கியது. பெயர் தஃப் யோமி, தினம் ஓர் ஏடு. மொத்தம் 2,711 ஏடுகள், ஒரு சுற்று முடிய ஏழரை வருடம். 2020 ஜனவரியில் 13-ஆவது சுற்று முடிந்தபோது நியூ ஜெர்சியில் ஒரு விளையாட்டரங்கத்தில் சுமார் 90,000 பேர் கூடினார்கள். அதே வாரத்தில் ஜெருசலேமில் பெண்கள் ஆயிரக்கணக்கில் தனியே கூடித் தாங்கள் படித்து முடித்ததைக் கொண்டாடினார்கள். நூறு வருடத்துக்கு முன் ஷபிரோவே இதைக் கற்பனை செய்திருக்க மாட்டார். இப்போது நடப்பது 14-ஆவது சுற்று, 2027 ஜூனில் முடியும். நியூயார்க்கில் லாங் ஐலண்ட் ரயிலில் காலை வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பெட்டியில் சேர்ந்து உட்கார்ந்து வருடக்கணக்காக இதைப் படித்திருக்கிறார்கள்.

தஃப் யோமிக்கும் லேர்ஹவுஸுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இங்கே ஏடு யாருக்காகவும் நிற்காது. உங்களுக்குப் புரிந்ததா, உங்கள் வாழ்க்கைக்குச் சம்பந்தம் இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்றெல்லாம் கேட்காது. நாளைக்கு அடுத்த ஏடு. ஆழமில்லாத ஓட்டம் என்று தல்முத் கல்லூரிக்காரர்களே குறை சொல்கிறார்கள். ஆனாலும் மனிதன் என்ற சோம்பேறிப் பிராணிக்கு இது பொருந்துகிறது. தினம் முக்கால் மணி நேரம், யோசிக்க வேண்டியதில்லை, உட்கார்ந்தால் போதும். ஒரு பகுதி முடிந்ததும் அந்த நூலையே பார்த்து, உன்னிடம் திரும்பி வருவோம், நீயும் எங்களிடம் திரும்பி வா, உன்னை மறக்க மாட்டோம், நீயும் எங்களை மறக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் மூடுகிறார்கள். நூறு வருடம் தாண்டி நிற்பது ஷபிரோவின் ஏடுதான், ரோசன்ஸ்வைக்கின் பள்ளி பத்து வருடம்கூட ஒழுங்காக நடக்கவில்லை. இருந்தும் என்னை எங்கே சேர்ப்பது என்று கேட்டால் லேர்ஹவுஸில்தான் பெயர் கொடுப்பேன். ஏடு ஏற்கெனவே உள்ளே இருப்பவனைத்தான் தாங்கிப் பிடிக்கும். வாசலுக்கு வெளியே நின்று, எனக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவனுக்கு அதனிடம் பதில் இல்லை.

பள்ளி தளர்ந்ததற்கு ஒரு காரணம் ரோசன்ஸ்வைக்கின் உடம்பு. 1922 தொடக்கத்தில் நரம்பு மண்டலத்தைத் தின்னும் நோய் என்று கண்டுபிடித்தார்கள். அந்த வருடமே பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு எழுதும் கை போயிற்று, பேச்சும் போயிற்று. வெஸ்ட்எண்ட் பகுதியில் ஷூமன் தெரு வீட்டில் தட்டச்சு எந்திரத்தில் எழுத்தை அவர் சுட்டிக்காட்டுவார், மனைவி எடித் ஊகித்து வார்த்தையை முடிப்பார். அதுவும் முடியாதபோது எடித் அகரவரிசையைச் சொல்லிக்கொண்டே வர, சரியான எழுத்தில் அவர் சைகை செய்வார். இந்த முறையில்தான் பூபரோடு சேர்ந்து 1925 முதல் வேதாகமத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1929 டிசம்பர் 10 அன்று, 42 வயதில் இறந்தபோது மொழிபெயர்ப்பு ஏசாயா 53-ஆம் அதிகாரத்தில் நின்றிருந்தது.

லேர்ஹவுஸ் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது. அது மறுபடி திறந்தது 1933 நவம்பரில், யாரும் விரும்பாத காரணத்துக்காக. ஹிட்லர் ஆட்சியின் ஏப்ரல் சட்டங்கள் யூதர்களை அரசு வேலைகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் வெளியேற்றியிருந்தன. நேற்றுவரை நான் ஜெர்மானியன், யூதன் என்பது பிறப்புச் சான்றிதழில் மட்டும் என்றிருந்த வக்கீலும் மருத்துவரும் ஒரே வருடத்தில் வேறெந்த அடையாளமும் இல்லாதவர்களாக்கப்பட்டார்கள். ரோசன்ஸ்வைக் 1920-இல் அழைத்தது இவர்களைத்தான், அப்போது அவர்களில் பலர் வரவில்லை. இப்போது தள்ளிக் கொண்டுவந்து விடப்பட்டார்கள்.

பூபர் அதைத் தலைமையேற்று நடத்தினார். 1934-இல் ஜெர்மனி முழுவதுக்குமான யூத முதியோர் கல்வி மையம் ஒன்றையும் தொடங்கினார். பாலஸ்தீனத்துக்குப் போய்விட்டிருந்த எர்ன்ஸ்ட் சீமோன், யாரும் வெளியேறத் துடிக்கும் நேரத்தில், உதவி செய்யத் திரும்பி வந்தார். ஆசிரியர்களையும் இளைஞர் தலைவர்களையும் சில நாள் ஓரிடத்தில் தங்கவைத்துச் சேர்ந்து படிப்பதுதான் முறை. மேடையிலிருந்து பேசுவது குறைவு. பத்தி ஒன்று, சுற்றி உட்கார்ந்தவர்கள், கேள்வி. அரசாங்கத்தின் ஆள் பின்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கலாம் என்பதால் நேராக எதையும் சொல்ல முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. யூதர்களை ஒடுக்கவும் அழிக்கவும் பார்த்த பார்வோனையும் அமலேக்கையும் ஆமானையும் பற்றி வேதாகமத்தில் இருப்பதை அப்படியே வாசித்தாலே கேட்பவர்களுக்குப் புரிந்தது. குறிப்பெடுப்பவருக்கு அது மூவாயிரம் வருடப் பழைய கதை. வேதவசனத்துக்கு உள்ளர்த்தம் காணும் பழைய ரபிகளின் மித்ராஷ் முறை இப்படி மறுபடி உயிர் பெற்றது என்று சீமோன் பின்னால் எழுதினார். 1935-இல் பூபர் பொதுக்கூட்டத்தில் பேசத் தடை வந்தது.

இதே காலத்தில் பதிப்பாளர் சல்மான் ஷோக்கன் கைக்கடக்கமான மெல்லிய புத்தகங்களாக ஒரு வரிசை வெளியிட்டார். 1933-இலிருந்து 1938 வரை 92 புத்தகங்கள். வரிசையின் முதல் புத்தகம் ஏசாயாவின் ஆறுதல் அதிகாரங்கள், பூபர்–ரோசன்ஸ்வைக் மொழிபெயர்ப்பில். "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்" என்று நம்மூர் பைபிளில் தொடங்கும் பகுதி அது. எந்தத் தணிக்கையாளனும் இதில் என்ன கண்டுபிடிக்க முடியும்?

இந்தப் படிப்பு யாரையும் காப்பாற்றவில்லையே என்று கேட்கலாம். என் ஆசிரியை அம்மாவே கேட்டார். படிப்புக்குப் பதில் விசா வாங்கக் கற்றுக் கொடுத்திருக்கலாம் என்றார். ஆங்கிலம், எபிரேயம், கைத்தொழில் எல்லாம் வேறு யூத அமைப்புகள் அந்த வருடங்களில் சொல்லிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. அது இல்லாமல் இது இல்லை. ஆனால் நீ மனிதனே இல்லை என்று ஒரு நாடே தினமும் ரேடியோவில் சொல்லும்போது, இல்லை, உனக்கு நீண்ட ஒரு முகவரி இருக்கிறது என்று சொல்ல யாராவது வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் நான் வாதாடவில்லை. போர்னெப்பிளாட்ஸ் சதுக்கத்தின் பக்கத்தில் பழைய யூத இடுகாட்டின் மதிலில் ஏறக்குறைய 12,000 சிறு எஃகுக் கட்டைகள் பதித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் இந்த ஊரிலிருந்து கொண்டுபோய்க் கொல்லப்பட்ட ஒருவரின் பெயர். லேர்ஹவுஸ் 1938 நவம்பரில் யூதர்கள் மீது நாடெங்கும் நடந்த வன்முறையோடு மூடப்பட்டது. பூபர் அந்த வருடம் மார்ச்சிலேயே ஜெருசலேம் போய்விட்டார்.

அங்கே, 1949-இல், 71 வயதில், மறுபடி இதையே தொடங்கினார். புதிதாகப் பிறந்த இஸ்ரேலின் மக்கள்தொகை மூன்றரை வருடத்தில் இரட்டிப்பாகிக்கொண்டிருந்த நேரம். ஐரோப்பிய முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்களும், யேமனிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் வந்தவர்களும் தற்காலிகக் குடியிருப்புகளில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லப் போகிற ஆசிரியர்களுக்காக எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி. ஃபிராங்க்ஃபர்ட்டில் வகுத்த திசை அங்கே அப்படியே செல்லுபடியாகவில்லை. யேமனிலிருந்து வந்த கிழவருக்குத் தோரா மனப்பாடம். எதிரே நின்ற இளம் ஆசிரியர்களில் பலருக்கு அவ்வளவு தெரியாது. கிழவருக்குத் தெரியாதது வாக்குச்சீட்டு, மருத்துவமனைப் படிவம், தேசிய மொழியாகிவிட்ட தன் பிரார்த்தனை மொழியில் கடைக்காரரிடம் பேரம் பேசுவது. அவரிடம் போய் முதலில் எதைக் கேட்பது, எதைச் சொல்லித் தருவது என்பதைத்தான் அந்தப் பள்ளியில் பேசிப் பேசிப் பார்த்தார்கள். 1953 வரை அது நடந்தது.